ஆந்த்ரேயா ஷோப்பின் ஊர்ப்பக்கம்: பவேரியாவில் ஒரு கர்லிங் பயணம்

வெள்ளி, மியூனிக்

மியூனிக்கில் இறங்கியதும் நேராக லுட்விக் தெருவுக்குப் போனேன். ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்தத் தெருவின் கோடியில் இருக்கும் வெற்றி வாயிலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எனக்கு வேண்டியது பல்கலைக்கழகம். வாசலில் இரண்டு பெரிய நீரூற்றுகள் உண்டு. குளிர்காலம் என்பதால் தண்ணீர் இல்லை. தரையில் காகிதங்கள் சிதறிக் கிடப்பது போலக் கல்லில் பதித்திருக்கிறார்கள். 1943இல் நாஜிகளை எதிர்த்து இங்கே துண்டறிக்கை வீசிப் பிடிபட்டு, உயிரை இழந்த மாணவர்களின் நினைவு அது. கொஞ்ச நேரம் நின்று படித்துவிட்டு நடந்தேன்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில்தான் ஆந்த்ரேயா ஷோப் வேலை பார்த்தார். உலகச் சாம்பியன் பட்டத்தை இரண்டு முறை வென்றவர். ஐரோப்பியப் பட்டத்தை ஏழு முறை வென்றவர். ஜெர்மனியில் கர்லிங்கை மட்டும் நம்பி யாரும் வாழ்ந்துவிட முடியாது, அவரும் விதிவிலக்கு இல்லை. பனித்தளத்தில் கல் தள்ளிய அதே வருடங்களில் புள்ளியியலும் அவருடைய தொழிலாக இருந்தது.

கர்லிங் தெரியாதவர்களுக்காக: ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல். மேலே ஒரு கைப்பிடி. 45 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் பனித்தளம். மறுகோடியில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த இலக்கு, அதற்கு 'ஹவுஸ்' என்று பெயர். நான்கு பேர் கொண்ட அணி. ஒரு சுற்றில், அதாவது ஒரு 'எண்ட்'டில், ஆளுக்கு இரண்டு கல். இரு அணியும் மாறி மாறித் தள்ள, 16 கற்களும் போன பிறகு நடுப்புள்ளிக்கு எந்த அணியின் கல் நெருங்கி நிற்கிறதோ அந்த அணிக்கு மட்டும் புள்ளி. இப்படிப் பத்து எண்ட். கேரம் ஆடியவர்களுக்கு இதன் மூளை ஐந்து நிமிடத்தில் பிடிபடும்: எதிராளியின் காயை விரட்டவேண்டும், நம் காயை ஒளித்துவைக்க வேண்டும், அடுத்த அடியை இப்போதே யோசிக்க வேண்டும்.

மறுகோடியில் நின்று எந்தக் கல் எங்கே போகவேண்டும் என்று சொல்பவர் 'ஸ்கிப்'. கடைசிக் கற்களை அநேகமாக அவரே தள்ளுவார். ஷோப் ஸ்கிப். புள்ளியியல் படித்த ஒருவர் இந்த இடத்தில் நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஓர் எண்ட்டின் கடைசிக் கல் நம் கையில் இருப்பதற்கு 'ஹேமர்' என்பார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்ட்டில் ஹேமரை இழக்கும். அதனால் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்றால், நல்ல ஸ்கிப் பல நேரம் அதை வேண்டாம் என்று விட்டு எண்ட்டைக் காலியாக்கி, ஹேமரைக் காப்பாற்றிக்கொள்வார். கையில் உள்ள ஒன்றா, அடுத்ததில் வரக்கூடிய இரண்டா என்ற கணக்கு ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

சனி, கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன்

பவேரியா முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு காலை ரயிலில் ஏறினேன். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. டுட்ஸிங்கில் ஸ்டார்ன்பெர்க் ஏரி, முர்னாவில் இன்னொரு ஏரி, அதற்கப்புறம் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. பெட்டி நிறைய பனிச்சறுக்குக் கட்டைகள். கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கும் கர்லிங் விளக்குமாற்றோடு யாராவது ஏறுவார்களா என்று பார்த்தேன், யாரும் இல்லை.

இரட்டைப் பெயர் கொண்ட இந்த ஊர் முன்பு இரண்டு தனி ஊர்கள். 1936 குளிர்கால ஒலிம்பிக்குக்காக, 1935இல் நாஜி அரசின் நிர்பந்தத்தில் ஒன்றாக்கப்பட்டவை. இன்றும் பார்ட்டன்கிர்ஷன் பக்கம் ஓவியம் தீட்டிய பழைய வீடுகள், கார்மிஷ் பக்கம் கடைவீதி என்று ஒவ்வொன்றும் தன் முகத்தோடு இருக்கிறது. எங்கே நின்றாலும் மலை தெரியும். ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான ட்ஸூக்‌ஷ்பிட்சே, 2962 மீட்டர், இந்த ஊரின் பின்சுவர்.

1965 பிப்ரவரி 27 அன்று ஷோப் பிறந்தது இங்கேதான். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒலிம்பிக் பனி அரங்கம் இருக்கிறது. 1936 போட்டிகளுக்காகத் திறந்தவெளியாகக் கட்டி, பின்னாளில் கூரை போட்டது. நான் போனபோது பொதுமக்கள் சறுக்கும் நேரம். அப்பாக்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பாதிச் சுற்றில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து சிரிக்கும் சிறுமிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வயதுக் குழந்தைகூடப் பனியைப் பார்த்துப் பயப்படவில்லை. இந்த ஊரில் அது நடைபாதை மாதிரி இயல்பான ஒன்று.

அரங்கத்தில் எங்கு திரும்பினாலும் எஸ்.சி. ரீஸர்ஸே என்ற பெயர். 1923இல் தொடங்கிய கிளப். ஐஸ் ஹாக்கியில் பத்து முறை ஜெர்மன் சாம்பியன். ஷோப் ஆடியதும் இந்தக் கிளப்புக்காகத்தான். அவருடைய அண்ணன் தம்பி உறவிலும் கர்லிங் உண்டு: சகோதரர் ரைனர் ஷோப்பும் ஆட்டக்காரர், பயிற்சியாளர். ஆனால் வாசலிலும் கடையிலும் ஹாக்கிச் சட்டைகள்தான் தொங்கின. இரண்டு முறை உலகச் சாம்பியனான ஒரு பெண்ணின் படம் நுழைவாயிலிலேயே பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இரவு அறையில் உட்கார்ந்து அவருடைய 1980களை மறுபடி வரிசைப்படுத்திப் பார்த்தேன். 1986இல் கனடாவின் கெலோனாவில் உலகப் போட்டி இறுதி ஆட்டம். மரிலின் டார்ட்டின் கனடிய அணியிடம் தோல்வி. 1987இல் சிகாகோவுக்கு அருகே லேக் ஃபாரஸ்டில் மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி கனடா, இந்த முறை பேட் சாண்டர்ஸ், மறுபடி தோல்வி. இதே இரண்டு வருடங்களில் ஐரோப்பியப் பட்டம் இரண்டு முறையும் அவர் கையில். 1988 பிப்ரவரியில் கால்கரி ஒலிம்பிக். கர்லிங் அப்போது காட்சி விளையாட்டு மட்டுமே, அதாவது அதிகாரப்பூர்வப் பதக்கப் பட்டியலில் சேராத ஒன்று. மேற்கு ஜெர்மனிக்குப் பதக்கம் இல்லை. அதே வருடம் கிளாஸ்கோவில் உலகப் போட்டி. மூன்றாவது முறையாகத் தொடர்ந்து இறுதி ஆட்டம், மூன்றாவது முறையாக எதிரே கனடா. இப்போது ஸ்கிப் ஹெதர் ஹூஸ்டன். இந்த முறை வென்றது ஷோப். வயது 23.

அந்த அணியில் மோனிகா வாக்னர் என்று ஒருவர் இருந்தார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு, ரீஸர்ஸே

கிளப்பின் பெயரில் உள்ள ஏரி ஊருக்கு மேலே இருக்கிறது. ஏறுவதற்கு அரை மணி நேரம் ஆகும். சின்ன ஏரிதான். சுற்றிலும் தேவதாரு மரங்கள், பின்னால் வாக்ஸன்ஸ்டைன் பாறைகள். ஒரு காலத்தில் இதன் உறைந்த பரப்பே இந்த ஊரின் விளையாட்டு மைதானம். 1936 ஒலிம்பிக்கின் ஹாக்கி ஆட்டங்களில் சில இங்கே நடந்தன.

ஓர் ஓரத்தில் பெரியவர்கள் சிலர் ஐஸ்ஸ்டாக் ஆடிக்கொண்டிருந்தார்கள். "க்ரூஸ் காட்" என்று வணக்கம் சொன்னதும் ஒருவர் தன்னுடைய ஸ்டாக்கை என் கையில் கொடுத்தார். அடியில் வட்டத் தட்டு, மேலே செங்குத்தாக நீளமான பிடி. பனியில் ஒரு சின்னக் குறியை வைத்து அதை நோக்கி வீசவேண்டும்.

"கையைத் தளர்த்துங்க. இழுத்துப் பிடிச்சா நேராப் போகாது" என்றார்.

"எத்தனை வயசுல ஆரம்பிச்சீங்க?"

"நடக்கத் தெரிஞ்ச நாள்லருந்து" என்று சொல்லிவிட்டுத் தன் முறைக்குப் போய்விட்டார்.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தின் சொந்த ஆட்டம் இது. 1936இல் இதே ஊரில் ஒலிம்பிக் காட்சி விளையாட்டாகவும் ஆடப்பட்டது. கர்லிங்கோ ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அதற்கான கற்களின் கிரானைட் இன்றும் ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஐல்ஸா க்ரெய்க் என்ற தீவிலிருந்து வெட்டி எடுப்பது. பவேரியாவில் ஸ்டாக் ஆடும் கைகள் ஆயிரம் இருந்தும், கல் தள்ளும் கைகள் குறைவு. கனடாவில் சின்ன ஊரில்கூட ஒரு கர்லிங் கிளப் இருக்கும். அவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து வடிகட்டி வரும் அணியை, இந்தச் சிறு கூட்டத்திலிருந்து வந்து திரும்பத் திரும்ப இறுதி ஆட்டத்தில் சந்தித்தார்கள். ஷோப்பின் 80களை நான் இவ்வளவு உயர்த்திப் பேசுவதற்கு இது ஒரு காரணம்.

மதியத்துக்கு மேல் வெயில் வந்தது. ஏரிக்கரை விடுதியில் சூப்பும் ரொட்டியும். அங்கே உட்கார்ந்து 1992ஐப் பற்றி எழுதுகிறேன், அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை.

அந்த வருடம் பிரான்ஸின் ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் கர்லிங் மீண்டும் காட்சி விளையாட்டு. ஆட்டங்கள் நடந்தது மலைமேலே ப்ரலோன்யான் என்ற ஊரில். ஷோப்பின் ஜெர்மன் அணி முதலிடம் பெற்றது. நார்வே இரண்டாவது, கனடா மூன்றாவது. ஆனால் காட்சி விளையாட்டின் பதக்கம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறாது. 1998இல் கர்லிங் முழுமையான ஒலிம்பிக் விளையாட்டாக ஆனபோது இந்த முதலிடம் அப்படியே வெளியே நின்றுவிட்டது. 1924 ஷாமொனியில் நடந்த ஆண்கள் கர்லிங்கை, 82 வருடங்கள் கழித்து, 2006இல் ஒலிம்பிக் கமிட்டி அதிகாரப்பூர்வம் என்று ஏற்றுக்கொண்டது. அன்று வென்ற பிரிட்டிஷ் அணி இப்போது தங்கப் பட்டியலில் இருக்கிறது. அது நியாயம்தான், அந்தப் போட்டி காட்சியாக அறிவிக்கப்பட்டதே இல்லை. விதிப்படி இரண்டும் வேறு வேறு. இருந்தாலும், ஒலிம்பிக் பதக்கப் பட்டியலை மட்டும் திறந்து பார்க்கும் ஒருவர் ஆந்த்ரேயா ஷோப் என்ற பெயரைக் காணவே மாட்டார் என்பது எனக்கு வலிக்கிறது.

அதே 1992இல் உலகப் போட்டியும் இந்தக் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனிலேயே நடந்தது. பெண்கள் பட்டம் ஸ்வீடனுக்குப் போனது.

பிறகு 1998. ஜப்பானின் நகானோ ஒலிம்பிக், ஆட்டங்கள் கருயிசாவாவில். இப்போது பதக்கம் நிஜப் பதக்கம். ஷோப் வந்தார், மோனிகா வாக்னர் வந்தார், ஜெர்மனிக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வருட இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஃப்ளிம்ஸில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார்கள். 1988இல் நடந்ததும் இதுதானே: ஒலிம்பிக்கில் ஏமாற்றம், அதே வருடத்தில் பட்டம். இந்த வரிசை எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. தோற்ற அணியைக் கலைக்காமல், அதே ஆட்களோடு அடுத்த பனித்தளத்துக்குப் போகும் பழக்கம் அது.

திங்கள், பேருந்தில் ஃப்யூசெனுக்கு

காலையிலேயே தெற்கிலிருந்து ஃபோன் காற்று. ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் வெப்பக் காற்று இது. ஒரே இரவில் பனியைச் சேறாக்கிவிடும். கூரைகளிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பேருந்து எட்டால் மடத்தையும் ஓபராமர்காவையும் தாண்டிப் போனது. பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிக்கும் ஊர் ஓபராமர்காவ். வீஸ் தேவாலயத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. ஹோன்ஷ்வாங்காவில் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகும் கூட்டம் மீதிப் பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஃப்யூசென் நிலையத்தில் இறங்கியவர்கள் மிகச் சிலரே.

அறையில் சாமானை வைத்துவிட்டு லெக் ஆற்றங்கரையில் நடந்தேன். பச்சை நிறத் தண்ணீர். மாலையில் வேறு எதுவும் செய்யவில்லை.

செவ்வாய், ஃப்யூசென்

ஃப்யூசென் ஜெர்மன் கர்லிங்கின் பயிற்சிக் கூடம். ஐஸ் ஹாக்கிக்கும் கர்லிங்குக்குமான தேசியப் பயிற்சி மையம் இங்கே. 2007இல் ஐரோப்பியப் போட்டி இங்கே நடந்தது. ஒருவழியாக இன்றுதான் கல் ஓடும் சத்தத்தைக் கேட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சூடான காபி, அந்தப் பக்கம் பனி.

முதலில் ஒருவர் முதுகில் தண்ணீர்த் தொட்டியோடு பின்னோக்கி நடந்து, குழாயிலிருந்து நுண்துளிகளைத் தெளித்தார். அவை உறைந்து சின்னச் சின்னப் பொட்டுகளாகும். இதற்குப் 'பெபிள்' என்று பெயர். வழவழப்பான பனியில் கல் ஓடாது. இந்தப் பொட்டுகளின் உச்சியில்தான் அது மிதந்து போகிறது. கைப்பிடியை விடும்போது கொடுக்கும் மெல்லிய சுழற்சியால் கல் போகப் போக ஒரு பக்கம் வளையும். முன்னால் விளக்குமாற்றால் தேய்த்தால் உராய்வு குறைந்து இன்னும் தூரம் போகும், வளைவும் குறையும். ஒரு கல் இலக்கைச் சேர இருபது நொடிக்கும் மேல் ஆகிறது. அந்த நேரம் முழுவதும் ஸ்கிப் கத்திக்கொண்டே இருப்பார். தொலைக்காட்சியில் இது அமைதியான ஆட்டமாகத் தோன்றும். கூடத்துக்குள் நின்றால் காது அடைக்கிறது.

பள்ளி வயதுப் பெண்கள் நால்வர் காவல் கற்களை வைத்துப் பழகினார்கள். ஹவுஸுக்கு முன்னால் நிற்கும் கல்லே காவல். 1990களின் தொடக்கத்தில் வந்த ஒரு விதி இந்த ஆட்டத்தையே மாற்றியது: எண்ட்டின் முதல் நான்கு கற்கள் (2018 முதல் ஐந்து) போகும்வரை எதிரணியின் காவல் கல்லை அடித்து வெளியேற்றக் கூடாது. அதற்கு முன், முன்னிலையில் இருக்கும் அணி வருவதையெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டு ஆட்டத்தைச் சாகடிக்க முடியும். விதி வந்த பிறகு பனியில் கற்கள் குவிந்தன, சுற்றி வளைத்துப் போகும் நுணுக்கமான கல் அவசியமானது. ஷோப்பின் முதல் உலகப் பட்டம் பழைய ஆட்டத்தில் வென்றது. இரண்டாவது, புதிய ஆட்டத்தில். இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. 22 வருடம் தாக்குப்பிடித்தார் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இடையில் அவர் ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

2009 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஏழாவது ஐரோப்பியப் பட்டம். முதல் பட்டத்துக்கும் இதற்கும் இடையே 23 வருடம். நடுவில் பெர்லின் சுவர் இடிந்து நாடே ஒன்றாகியிருந்தது. 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக். ஒன்பது ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஆறு தோல்வி. அரையிறுதிக்கு அருகில்கூட வரவில்லை. ஒலிம்பிக் முடியும் தறுவாயில் அவருக்கு 45 வயது நிறைந்தது.

அடுத்த மாதம், அதே கனடாவில், சஸ்காச்சுவான் மாகாணத்தின் ஸ்விஃப்ட் கரன்ட்டில் உலகப் போட்டி. அணியில் கனடாவில் பிறந்த மெலனி ரோபில்லார்ட், கொரினா ஷோல்ஸ், 17 வயது ஸ்டெல்லா ஹைஸ். ஸ்டெல்லாவின் தந்தை பெப்பி ஹைஸ், கார்மிஷில் பிறந்த புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். இவர்களோடு, ஆமாம், மோனிகா வாக்னர். கிளாஸ்கோவில் ஷோப்போடு நின்றவர் ஸ்விஃப்ட் கரன்ட்டிலும் நின்றார். 1988 பட்டத்தை வென்றபோது ஸ்டெல்லா பிறந்திருக்கவே இல்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே ஸ்காட்லாந்து. ஸ்கிப் ஈவ் ம்யூர்ஹெட், 20 வயதுகூட நிறையாதவர், பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வெல்லப்போகிறவர். பத்து எண்ட் முடிந்தும் சமநிலை. பதினோராவது எண்ட்டில் முடிந்தது: ஜெர்மனி 8, ஸ்காட்லாந்து 6. ஜெனிஃபர் ஜோன்ஸின் கனடா சொந்த மண்ணில் மூன்றாவது. 1988, 1998, 2010, மூன்று வருடமும் ஒலிம்பிக் கைவிட்டது. மூன்று வருடமும் அவர் பட்டத்தோடுதான் வீடு திரும்பினார்.

ஒலிம்பிக்குக்கு இன்னொரு முயற்சியும் செய்தார். 2013 டிசம்பரில், சோச்சிக்கான கடைசித் தகுதிப் போட்டி இதோ இந்த ஃப்யூசெனில் நடந்தது. மிச்சமிருந்தது இரண்டு இடம். சீனாவும் ஜப்பானும் எடுத்துக்கொண்டன. ஷோப்புக்கு அப்போது 48. வீட்டிலிருந்து பேருந்து தூரத்தில் தோற்பது கெலோனாவில் தோற்பதைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

அவருக்குப் பின் ஜெர்மன் அணியின் ஸ்கிப்பாக நின்றவர் டேனியேலா யென்ட்ஷ், இந்த ஃப்யூசென்காரர். 2018இல் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் ஐரோப்பிய வெண்கலம் வென்றார். 2021இல் கால்கரியில், கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே நடந்த உலகப் போட்டியில், அணியில் இருவருக்குத் தொற்று உறுதியானதால் மீதி மூவரை வைத்தே போட்டி முழுவதும் ஆடினார். மூவர் ஆடினால் தேய்க்க ஒருவர் குறைவு. கடைசி வரை விலகாமல் ஆடி, ஆட்டங்களை வென்றும் காட்டினார்கள்.

பயிற்சி முடிந்து வெளியே வந்த நான்கு பெண்களிடம், அவர்களில் யார் ஸ்கிப் என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒருத்தியைக் கைகாட்டினார்கள். மஞ்சள் தொப்பி போட்டிருந்த அந்தப் பெண் மறுக்கவில்லை. வார இறுதியில் ஒரு போட்டி இருக்கிறதாம். கடைசிக் கல் தன் பக்கம் விழவேண்டும் என்று சொல்லிவிட்டு, பயிற்சியாளரிடம் ஏதோ கேட்க உள்ளே ஓடினாள்.

ஆக்ஸ்பர்க் வழியாகப் போகும் ரயில் ஆறு மணிக்கு மேல். அதற்குள் இன்னொரு அணி பனியில் இறங்கிவிட்டது; இரண்டு எண்ட்டாவது பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.